கடலுக்கு முதுகு காட்டிய ஏழுமாடி

மின்சாரம் போனபோது லிஃப்டுக்குள் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். சலாகுதீன் ஹாஜியார், நான், ஒரு மான்.

மான் எப்படி லிஃப்டுக்குள் வந்தது என்று வெளியூர் வாசகர்கள் கேட்பீர்கள். திருகோணமலைக்காரர் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊரில் மான் பஸ் நிலையத்தில் நிற்கும், அரசாங்கக் கச்சேரி வாசலில் படுத்திருக்கும், மரக்கறிக் கடைகளுக்கு முறை வைத்து வந்து போகும். அன்று ஹாஜியாரின் கையில் வீட்டுக்கு வாங்கிய கீரைக்கட்டு இருந்தது. மான் கீரையின் பின்னால் உள்ளே வந்தது, கதவு மூடிக்கொண்டது.

மின்வெட்டுக் காலம் அது. வெட்டுவதற்கு ஒரு நேர அட்டவணை இருந்ததுதான், ஆனால் மின்சாரம் அதை மதித்து நான் கண்டதில்லை. நாலாம் மாடிக்குக் கொஞ்சம் மேலே லிஃப்ட் குலுங்கி நின்றது. கையை முகத்துக்கு முன்னால் பிடித்தாலும் தெரியாத இருட்டு.

"ரீச்சர், அது எங்க நிக்குது?" என்று ஹாஜியார் மெல்லக் கேட்டார்.

"என்ரை சீலை முந்தானையைச் சப்புது, ஹாஜியார்."

"கீரையைக் குடுத்தா விட்டுருமா?"

"கேட்டுப் பாக்கவோ? டக்கெண்டு குடுங்கோ."

கீரை போனது. மான் நிதானமாக மென்றுகொண்டிருந்தது. கீழே யாரோ கதவைத் தட்டி, "பயப்பிடாதைங்கோ!" என்று கத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹாஜியாருக்கு வரவில்லை.

"இதுக்குள்ள நான் மௌத்தானாலும் அவ ஏறி வரமாட்டா, ரீச்சர்" என்றார்.

"ஆர்?"

"வேற ஆரு, நபீசாதான். தெருவில நிண்டு, 'ஆளைக் கீழ கொண்டு வாங்க, நான் இஞ்சயே பார்க்கிறன்' எண்டு சொல்லுவா."

இதை அவர் பகிடியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் உடைந்திருந்தது. ஊரிலேயே உயரமான கட்டடத்தின் சொந்தக்காரர், இருட்டில் ஒரு மானுக்குப் பக்கத்தில் நின்று மனைவியை நினைத்து அழப் பார்த்தார். அந்தக் கட்டடத்துக்குள், நான் அக்கா முறை வைத்துக் கூப்பிடும் நபீசா ராத்தா ஒருமுறைகூடக் காலடி வைத்ததில்லை. காரணம் ஊருக்கே தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரியாதே, அதனால் மானை அப்படியே நிற்க விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

மிச்சத்தை எப்ப கட்டுவினம்?

போன கிழமை புல்மோட்டை பஸ் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுப் பாலையூற்றிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பஸ் கதையை விடுங்கோ ரீச்சர், ஏழுமாடியைப் பற்றி எப்ப எழுதுவீங்கள்?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அதன் ஐந்தாம் மாடியில்தான் என் தட்டச்சு வகுப்பு நடந்தது. பிறகு அது கணினி வகுப்பானது, என் தலைமுடி நரைத்ததும் அங்கேதான்.

கொழும்புக்காரர்களுக்கு ஏழுமாடி ஒரு கட்டடமே இல்லை. என் தங்கையின் மகன் அங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய ஓர் உயரத்தில் குடியிருக்கிறான். முதன்முதல் எங்கள் ஏழுமாடியைக் காட்டியபோது, "மிச்சத்தை எப்ப கட்டுவினம் பெரியம்மா?" என்று கேட்டான். நான் அவனுக்கு அன்று பகல் மீன் பொரியல் வைக்கவில்லை.

உயரம் என்பது பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் ஏழுமாடிக்கு ஒரு பக்கம் ஓட்டு வீடு, மறுபக்கம் சைக்கிள் திருத்தும் கடை. மலை உச்சியில் கோணேசர் இருக்கும் ஊரில் அதற்கு மேல் உயரத்தைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை. யோசித்த ஒரே ஆள் ஹாஜியார்.

அவர் மூதூர்க் கருவாட்டை இங்கே கொண்டுவந்து விற்று, பிறகு இரும்புக்கடை போட்டு மேலே வந்தவர். இளந்தாரியாக இருந்தபோது சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனவர், அங்கே லிஃப்ட் உள்ள ஒரு கட்டடத்தைக் கண்டார். அன்று முழுக்க அதில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாராம். காவலாளி பிடித்து வெளியே விட்டபோது, "என்ட ஊரில நானும் ஒண்டு கட்டுவன், நீங்க வந்து ஏறலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். காவலாளி வந்தாரோ தெரியாது, மற்ற எல்லாரும் வந்தார்கள்.

கிண்ணியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கலியாணம் முடித்த சோடிகள் வாசலில் நின்று படம் எடுத்தார்கள். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு லிஃப்டில் ஏறியவர்கள், மேலே போய்ச் செருப்பைத் தேடினார்கள். சம்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஏழாம் மாடியில் இறங்க மறுத்து, "இது எங்கை மட்டும் போகுதோ அங்கை மட்டும் போவம்" என்று உள்ளேயே நின்றார். பஸ் நடத்துனர்கள் அந்தத் தரிப்பிடத்துக்கே "ஏழுமாடி இறக்கம்" என்று பெயர் வைத்தார்கள். வாசலில் ஹாஜியார் பித்தளையில் பதித்த 'சலாகுதீன் கட்டடம்' என்ற பெயரை வாசித்தவர் எவரையும் நான் அறியேன்.

வந்தவர்கள் மேலே போவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், பார்க்க ஒன்றும் இருக்காது. கீழே வந்து, "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏனென்றால் உலகத்திலேயே அழகான துறைமுகங்களில் ஒன்றுக்கு எதிரே நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு, துறைமுகப் பக்கத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

ஒரு ஜீப்பும் இரண்டு பேரும்

துறைமுகப் பக்கம் கீழிருந்து மேல்வரை வெறும் சுவர். அந்தப் பக்கந்தான் எல்லா அறைகளும். பின்பக்கம் படிக்கட்டும் கழிப்பறைகளும், இருந்த ஜன்னல்கள் எல்லாம் அவற்றுக்குத்தான். இலங்கையிலேயே வெளிச்சமான கழிப்பறை எங்களுடையதாகத்தான் இருக்கும். மின்வெட்டு நேரங்களில் என் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தோடு அங்கே போய்ப் படித்துப் பரீட்சையில் சித்தியடைந்தார்கள்.

வெளிநாட்டவரைக் கூட்டித் திரியும் வழிகாட்டிகள் அது மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் கட்டடம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் என் வகுப்பு வாசலுக்கே வந்து பாரை மீன் என்ன விலை என்று விசாரித்தார். நானும் விடவில்லை, சந்தை விலையைச் சொல்லி அனுப்பினேன்.

உண்மையில் நடந்தது இதுதான். யுத்த காலத்தில்தான் கட்டடம் எழும்பியது. நாலாம் மாடி வந்தபோது கடல் பக்கம் ஜன்னல் நிலைகள் எல்லாம் வரிசையாக வைத்தாயிற்று. ஒரு பின்னேரம் ஒரு ஜீப் வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அண்ணாந்து மேலே பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள், ஒருவர் சிரித்தார். பிறகு ஏறிப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

ஹாஜியார் அடுத்த நாள் முழுக்கக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வந்து இரண்டு வார்த்தை ஏசிவிட்டுப் போயிருந்தால் மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மேசன் சிவராசாவைக் கூப்பிட்டார்.

"எல்லா ஜன்னலையும் அடைச்சிரு, சிவராசா."

"ஆர் அடைக்கச் சொன்னது?"

"ஆரும் சொல்லயில்ல. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

சிவராசா அப்படியே சீமெந்து குழைக்கப் போனார். அந்த ஆண்டுகளை இங்கே கழித்தவர்களுக்கு இது விளங்கும். துறைமுகம் கடற்படையின் கையில் இருந்தது, அதை நோட்டம் விடுவதாக யாருக்கும் பட்டுவிடக்கூடாது. துறைமுகம் எங்கே என்று யாரும் கேட்டால் நாங்கள் கையால் காட்டமாட்டோம், நாடியை லேசாக நீட்டிக் காட்டுவோம். கடற்கரை வீதியில் நடக்கும்போது கடலைப் பார்க்காமல் நடப்போம். கலியாணப் படம் எடுக்கும்போது, கடல் பின்னால் விழாதபடி மாப்பிள்ளை பொம்பிளையைத் திருப்பி நிற்கவைப்போம். இதெல்லாம் யார் போட்ட சட்டம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜன்னலை அடைத்தபோது ஹாஜியாரை ஊர் மெச்சியது, விவரமான மனிசன் என்று சொன்னது.

யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடிகள் போயின, கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது, கடற்கரையில் ஐஸ்கிறீம் வண்டிகள் வந்தன. சுவர் மட்டும் அப்படியே நின்றது. யாராவது கேட்டால் ஹாஜியார், "பார்ப்பம், பார்ப்பம்" என்பார். பழகிப்போன பயத்தை விடுவதற்கும் ஒரு பயம் இருக்கிறது.

வீட்டில நாலு சுவர் கிடக்கு

நபீசா ராத்தா மூதூர்க்காரர். அவரைக் கலியாணம் பேசி முடித்தபோதே ஹாஜியார் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "பெரிய கட்டடம் ஒண்டு கட்டுவன், நபீசா. மேல் மாடியில உனக்கெண்டு ஒரு ஜன்னல். அதால பார்த்தா உங்கட மூதூர் தெரியும்."

அந்த நாட்களில் இங்கிருந்து மூதூருக்குப் போவது வெளிநாட்டுக்குப் போவது மாதிரி. லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு ஓடினால் ஓடும், ஓடாவிட்டால் இல்லை. ஓடினாலும் வரிசை, சோதனை, கேள்வி. ராத்தாவின் உம்மா மௌத்தான செய்தி வந்தபோது லோஞ்ச் ஓடவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது உம்மாவை அடக்கிய கபுறடி மண் காய்ந்திருந்தது.

கட்டடம் திறந்த நாளன்று புதுச் சேலை உடுத்து வாசற்படி வரைக்கும் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"ஜன்னல் எங்க?"

ஹாஜியார் ஜீப் வந்ததையும் ஜன்னலை அடைத்ததையும் மட்டும் சொன்னார்.

"சுவரைப் பார்க்கிறதெண்டா எனக்கு வீட்டில நாலு சுவர் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றைய விருந்தின் பிரியாணிச் சகன் தட்டை வீட்டுக்குத்தான் அனுப்பவேண்டியிருந்தது.

அதற்காக அவர்கள் சண்டைக்காரப் புருசன் பெண்சாதி என்று நினைக்கவேண்டாம். பின் ஒழுங்கையில்தான் வீடு. பகல் சாப்பாட்டை நேரம் தவறாமல் கொண்டுவருவார், ஆனால் ஏழுமாடியின் படிக்குக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். மழையென்றால் குடையோடு தெருவில் நிற்பார், உள்ளே வரமாட்டார். ஒருநாள் நானே கேட்டேன், "ஒரு ஜன்னலுக்காகவோ ராத்தா இவ்வளவும்?" என்று.

"ஜன்னல் இருந்திருந்தாலும் நான் உம்மாட்டப் போயிருக்க ஏலாதுதான், ரீச்சர். ஆனா அந்தப் பக்கம் பார்த்தெண்டாலும் அழுதிருப்பன். இந்த மனிசன் அதையும் அடைச்சிட்டாரு."

அதற்குப் பிறகு நான் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

ஆர் அடைக்கச் சொன்னது?

இனி மானிடம் வருவோம். மின்சாரம் திரும்பி வந்து லிஃப்ட் ஐந்தாம் மாடியில் திறந்தது. முதலில் இறங்கியது மான்தான். நேராக என் வகுப்புக்குள் போனது. பிள்ளைகள் வீரிட்ட சத்தம் பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும். ஹாஜியார் மட்டும் லிஃப்டுக்குள்ளேயே நின்றார்.

"ரீச்சர், நாளைக்கு என்னோட கந்தோருக்கு வாங்க. ஜன்னலுக்கு அனுமதி கேப்பம். உங்களுக்குத்தான் சிங்களம் நல்லா வரும்."

இருட்டில் எடுத்த முடிவு வெளிச்சத்திலும் நின்றது எனக்கே ஆச்சரியம். அடுத்த நாள் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, அத்தர் மணக்க வந்து நின்றார். எந்த அரசாங்கக் கந்தோர் என்று எழுதமாட்டேன். யாரிடம் கேட்கவேண்டும் என்று எங்களுக்கே தெரியாது, பெரிதாகத் தெரிந்த ஒன்றுக்குள் போனோம் என்பதுதான் உண்மை.

ஓர் இளம் அதிகாரி, எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வயது இருக்கும். வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்த சிங்களத்தில் நான் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னார்.

"ஜன்னல் வைக்கவா? அதுக்கு ஏன் அம்மா இங்க வந்தீங்க?"

"கடல் பக்கம் வைக்கிறது" என்றார் ஹாஜியார், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு.

"கடல் பக்கம்தானே எல்லாரும் வைப்பாங்க. உங்கட கட்டடம் எது?"

சொன்னோம், யுத்த காலத்தில் ஜன்னல்களை அடைத்ததையும் சேர்த்து.

"ஓ, அந்த மீன் ஐஸ் போடுற கட்டடமா! அதில ஜன்னல் இருந்ததா? யார் மூடச் சொன்னது?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் ஜீப் வந்த கதையைச் சொன்னார், இரண்டு பேர் அண்ணாந்து பார்த்ததையும் ஒருவர் சிரித்ததையும் சொன்னார். அதிகாரி மிச்சக் கதைக்காகக் காத்திருந்தார். மிச்சம் இல்லை என்று விளங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, அவ்வளவு உயரமாக் கட்டினா யார்தான் அண்ணாந்து பார்க்கமாட்டாங்க?"

வெளியே வந்து ஹாஜியார் படியில் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அது அழுகையாக மாறியது. சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுப் போன இரண்டு பேருக்காக இவர் தன் வீட்டுக்காரியின் வாயிலிருந்து எவ்வளவு காலம் பேச்சு வாங்கியிருக்கிறார்.

"நபீசாக்கு இதைச் சொல்லாதீங்க, ரீச்சர். மேலிடத்து ஓடர் இருந்தது, இப்ப எடுத்திட்டாங்க எண்டு சொல்லுவம்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஆனால் இது திருகோணமலை. நாங்கள் ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவதற்குள் கதை எங்களை முந்திவிட்டது. ராத்தா ஒழுங்கை முகப்பில் நின்றார்.

"ஆரும் சொல்லலயாமே?"

ஹாஜியார் ஆட்டோக்காரருக்குக் காசு எண்ணத் தொடங்கினார்.

"ஓடர் எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் பொறுத்தன்" என்றார். உரத்துச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து ஹாஜியாரின் சாப்பாடு ஆட்டோக்காரர் கையில் வந்தது. ஒரு ஜன்னல் இல்லாத குறைக்கு வராதவர், இனி ஏழு மாடியையும் கண்ணாடியால் கட்டினாலும் வருவாரா என்று நான் யோசித்தேன்.

சிவராசாவின் சுவர்

இருந்தாலும் சுவரை உடைத்தார்கள். ஏழாம் மாடியில் முதல் ஜன்னல். வந்தவர் அதே மேசன் சிவராசா. ஒரு பகல் முழுக்க இடித்தும் சுவர் அசையவில்லை.

"என்னண்டு உடையும்? கட்டினது நான்" என்று கவலையும் பெருமையுமாகச் சொன்னார். சீமெந்தை அள்ளிப் போட்டிருந்தாராம், வெடி விழுந்தாலும் நிற்கவேண்டும் என்று.

கீழே தெருவில் கூட்டம். எல்லாரும் மேலே நடப்பதை ஒருவருக்கொருவர் நாடியால் காட்டினார்கள். முதல் கல் பெயர்ந்ததும் ஒரு முழக் கற்றை வெயில் உள்ளே விழுந்தது. அதன் பின்னால் காற்று வந்தது, உப்பும் டீசலும் கலந்த துறைமுகக் காற்று. என் பிள்ளைகள் கணினியை விட்டுவிட்டு மேலே ஓடினார்கள், நானும் ஓடினேன். துறைமுகம் அப்படியே விரிந்து கிடந்தது. தண்ணீர், தண்ணீருக்குள் இறங்கிய பச்சை மேடுகள், நடுவே ஒரு கப்பல். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், இதை இப்படி ஒருமுறையும் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எல்லாரும் பார்த்தோம். ஹாஜியார் மட்டும் ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு சிவராசாவுக்குக் கூலி எடுத்துக் கொடுத்தார். இன்னும் பயம் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஊர் திரண்டு வந்தது. ஏழுமாடியில் ஏறிக் கடல் பார்ப்பது மறுபடியும் ஒரு புதினமான காட்சியாகிவிட்டது. வந்தவர்களை வரவேற்று, தண்ணீர் கொடுத்து, ஜன்னலடிக்கு அனுப்பிவிட்டு, ஹாஜியார் எந்நேரமும் லிஃப்ட் கதவைப் பார்த்தபடி ஒரு கதிரையில் இருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழும்புவார், ஆளைக் கண்டதும் இருப்பார். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் நான் ராத்தாவிடம் போனேன். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"மனிசன் பாவம், ராத்தா."

"பாவம்தான். நான் என்ன செய்ய?" என்று சொல்லி மீனின் செதிளை உரசினார். நான் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆட்கள் அதிகம் இல்லாத ஒரு பகல். லிஃப்ட் திறந்தது. கறுப்பு ஹபாயாவில் நபீசா ராத்தா நின்றார், கையில் சாப்பாட்டுப் பாத்திரம்.

"ஆட்டோக்காரன் இண்டைக்கு வரல்ல. சாப்பாடு ஆறிரும்" என்றார் யாரிடமோ சொல்வது போல.

ஹாஜியார் எழும்பினார். பாத்திரத்தை வாங்கினார், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். ராத்தா அவரைத் தாண்டி ஜன்னலுக்குப் போனார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் யாரையும் கேட்கவில்லை, அவருக்கே தெரிந்தது. மேடுகளுக்கு அப்பால், குடாவைத் தாண்டி, ஒரு பனை வரிசை. அதன் நடுவே வெள்ளையாகத் தண்ணீர்த் தாங்கி.

"அந்தா மூதூர்" என்றார்.

பிறகு, "இவ்வளவு கிட்டவா?" என்றார்.

நான் லிஃப்ட் பக்கமாக நகர்ந்து நின்றேன்.

"உம்மா இவ்வளவு கிட்டவா இருந்தா?" என்று கேட்டுக்கொண்டு ஹாஜியாரிடம் திரும்பினார். கண்ணீர் முகத்திரை ஓரத்தில் வழிந்தது. "சொல்லுங்களன். இவ்வளவு கிட்டவா?"

"எனக்குத் தெரியா, நபீசா" என்றார் ஹாஜியார். "நான் இன்னும் பார்க்கல்ல."

"சுவரை உடைச்சு எத்தினை நாள்! ஊரெல்லாம் வந்து பார்த்திட்டுப் போகுது!"

"உனக்கெண்டு சொன்ன ஜன்னல். நீ பார்க்க முதல் நான் எப்படிப் பார்க்கிற?"

ராத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விசர் மனிசன்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னலில் அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

"வாங்க இஞ்ச."